மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம்

கணினி நம்மிடம் நல்ல தமிழில் ஒரு கேள்வி கேட்கிறது. நாமும் அதைத் தமிழிலேயே புரிந்துகொண்டு, கடமை தவறாமல் பதில் சொல்கிறோம். அந்தப் பதில் தப்பாகப் போய்விடுகிறது. தப்பு யாருடையது? கேட்டதுடையதா, சொன்னவளுடையதா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு மெமோ கொடுத்தார்.

கணினி அறைகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று நம் லினக்ஸ் குழுவின் இதழில் கேட்டிருந்தீர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. போன வாரம் வேலையை விட்டேன். வீட்டில் இரண்டரை வயது மகள் இருப்பதால் ஓய்வு என்ற சொல் எனக்குப் பொருந்துமா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால், எழுதியிருக்கலாமோ என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

நான் வேலை பார்த்தது சீர்காழியில், ஒரு அறக்கட்டளை நடத்தும் நூலகத்தில். கீழே புத்தகங்கள், மாடியில் கணினி அறை. ஆறு கணினிகள், ஆறிலும் லினக்ஸ். கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை மதித்து அதைத் தேர்ந்தெடுத்ததாக அறக்கட்டளையின் ஆண்டு மலரில் எழுதியிருந்தார்கள். இலவசம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கும் அலுவலக உதவியாளர் கலியமூர்த்தி அண்ணனுக்கும் தெரியும்.

"ஓசில வந்தது ஓடுறதே பெருசு மேடம். இதுல படம் வேற ஓடணுமா?" என்பார் அண்ணன்.

படம் ஓடியே ஆகவேண்டும் என்ற நிலைமை தலைவரால் வந்தது. அறக்கட்டளைத் தலைவர் தஞ்சாவூரில் இருப்பவர். ஊரிலுள்ள மூத்த குடிமக்களுக்கு மாதம் ஒரு படம் போட்டுக் காட்டுங்கள் என்று ஒரு பெட்டி டிவிடிகளை அன்பளிப்பாக அனுப்பினார். எல்லாம் பென்குவின், பனிக்கரடி, திமிங்கிலம். எங்கள் கணினிகளில் டிவிடி போடும் வாய் கிடையாது என்பதால், வெளியிலிருந்து செருகிக்கொள்ளும் டிரைவ் ஒன்றும் கூடவே வந்தது. நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்த சமயம். பென்குவினைப் போட்டேன். வரவில்லை.

மேலாளர் சார் வந்து டிவிடியை வெளியே எடுத்து ஊதினார். கைக்குட்டையால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தூசி," என்றார்.

மறுபடி போட்டோம். வரவில்லை. "இன்னும் தூசி இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

தஞ்சாவூரில் நம் குழுவைச் சேர்ந்த ஒருவர் எனக்குப் போனில் வழிகாட்டிக்கொண்டிருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தபின் அதற்காகச் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். "என்ன வருதுன்னு நீங்களா சொல்லாதீங்க. என்ன எழுதியிருக்கோ அதைக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்துக் காட்டினேன். அவர் விளக்கினார். சினிமா டிவிடிகளில் ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி லினக்ஸோடு சேர்ந்து வராது, ஏனென்றால் சில நாடுகளில் அந்தப் பூட்டைத் திறப்பது சட்டப்படி குற்றம். நாம்தான் அதைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி சின்ன நிரல் தொகுப்புக்குக் கணினித் தமிழில் நூலகம் என்று பெயர். கணினியில் போடுவதை நிறுவுதல் என்கிறோம்.

நம் நாட்டில் குற்றமா என்று கேட்டேன். "அதை நீங்க என்கிட்ட கேக்கல, நானும் சொல்லல," என்றார்.

நான் பயந்த சுபாவம். அனுமதி இல்லாமல் எதையும் செய்ய மாட்டேன். மேலாளரிடம் போய், "சார், பூட்டை உடைக்க ஒரு நூலகம் நிறுவணும்," என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நாம உக்காந்திருக்கிறதே நூலகந்தானே?"

எழுத்தில் கொடுக்கச் சொன்னார். "திரைப்பட வட்டுகளை இயக்கத் தேவையான நூலகம் ஒன்றை நமது கிளையில் நிறுவ அனுமதி வேண்டுகிறேன்," என்று எழுதிக்கொடுத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. புதிய நூலகத்துக்கான இடவசதி, கழிப்பறை வசதி, அருகிலுள்ள நூலகத்திலிருந்து எவ்வளவு தூரம் ஆகிய விவரங்களை இணைத்துள்ள படிவத்தில் அனுப்பவும் என்று இருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் போன் போட்டு விளக்கியிருப்பீர்கள். நான் படிவத்தை நிரப்பினேன். தேவைப்படும் இடம்: நகக்கண்ணைவிடக் குறைவு. கழிப்பறை: தேவையில்லை. அருகிலுள்ள நூலகத்திலிருந்து தூரம்: இல்லை. பத்தே நாளில் அனுமதி வந்தது. சிக்கனமான திட்டம் என்று ஒரு வரி பாராட்டும் இருந்தது.

நூலகத்தை நிறுவினேன். பூட்டு திறந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. நம் குழு நண்பர் ஒருவர் தமிழாக்கிய சின்ன நிரல் அது. "இக்கருவிக்கு மண்டலம் அமைக்கப்படவில்லை. மண்டல எண்ணைத் தருக. மாற்றவா? ஆம் / இல்லை." போனில் வழிகாட்டி "அஞ்சு போடுங்க" என்றார். போட்டேன். பென்குவின்கள் நடந்து வந்தன.

"கீழ இன்னொரு வரி இருக்குமே, வாசிச்சீங்களா?"

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு. குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது. "வாசிச்சேன் சார்," என்று சொல்லிவிட்டு அந்த அழைப்பை எடுத்தேன்.

வாசிக்கவில்லை. என் ஏழு வருட வேலையில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் இருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன்.

மயிலாடுதுறை தனி மாவட்டமான கையோடு எங்கள் அறக்கட்டளையும் கிளைகளை மண்டலங்களாகப் பிரித்திருந்தது. ஆனால் காகிதத்தில் பிரித்ததோடு சரி. திடீரென்று ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. தஞ்சாவூர் ஒன்று, நாகப்பட்டினம் இரண்டு, திருவாரூர் மூன்று, மயிலாடுதுறை நான்கு. "கிளையிலுள்ள அனைத்துப் பதிவேடுகளிலும் கணினிகளிலும் கருவிகளிலும் மண்டலத்தை மாற்றி, மாற்றிய விவரத்தை மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும்."

பதிவேடுகளில் ரப்பர் முத்திரை குத்தினோம். கணினிகளில் மண்டலம் எங்கே இருக்கிறது என்று ஆறையும் தேடினேன். நேர மண்டலம் என்று ஒன்று ஆறிலும் இருந்தது. அதில் மயிலாடுதுறை இல்லாததால் விட்டுவிட்டேன். அதன் பிறகு மண்டலம் என்ற சொல் இருந்த ஒரே இடம் டிவிடி டிரைவ். மண்டல எண்ணைத் தருக என்று அதுவே கேட்டது. சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. எனக்கு எதில்தான் வராது? ஆனால் சுற்றறிக்கையில் கருவிகளிலும் என்று தெளிவாக இருந்ததே. நான்கு என்று போட்டு ஆம் அழுத்தினேன்.

"கீழ மீதம் மூணுன்னு போட்டிருக்கே மேடம்," என்றார் பின்னால் நின்ற கலியமூர்த்தி அண்ணன்.

"அது என்னண்ணே?"

"மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள். மூணு மண்டலம் மீதம் இருக்குன்னா, இன்னும் நூத்தி நாப்பத்தி நாலு நாள் விரதம் பாக்கி."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததற்குப் பதில் போன் பண்ணியிருக்கலாம்.

பருவமழை தொடங்கியதால் அடுத்த சில மாதங்கள் படம் எதுவும் போடவில்லை. அதற்குள் தணிக்கைக்கு வந்தவர்கள், நாகையையும் திருவாரூரையும் ஒரே மண்டலமாக்கிவிட்டதாகவும், ஆகவே எங்கள் எண் இனி மூன்று என்றும் சொன்னார்கள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் டிரைவைப் பார்த்தேன். மூன்று. ஆம்.

மழை விட்டபின் பதினேழு மூத்த குடிமக்கள் மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பனிக்கரடி வரவில்லை. மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். நான் போனை எடுத்தேன்.

"டிரைவ் இப்ப எந்த மண்டலத்துல இருக்கு?" என்றார் வழிகாட்டி.

"மயிலாடுதுறை சார்."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"இருக்கேம்மா," என்றார். "படம் விக்கிறவங்க உலகத்தைப் பங்கு போட்டு வச்சிருக்காங்க. இந்தியா அஞ்சாவது. நீங்க நாலு போட்டு தென் அமெரிக்கா போயிட்டு, மூணு போட்டு சிங்கப்பூர் பக்கம் வந்து நிக்கிறீங்க. மொத்தம் அஞ்சு தடவைதான் மாத்த விடுவான். அது டிரைவுக்குள்ளயே எழுதியிருக்கும். லினக்ஸ் இல்ல, எந்தக் கணினியில கொண்டுபோய்ச் செருகினாலும் அழியாது. மூணு தடவை ஆயிடுச்சு. இப்ப அஞ்சுக்கு மாத்துங்க, நாலு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு இருக்கும். அதையும் போட்டீங்கன்னா எங்க நிக்குதோ அங்கேயேதான்."

மாற்றினேன். மீதம் ஒன்று. அதற்குப் பிறகு அந்த டிரைவை ஒரு துணிப்பையில் போட்டுப் பூட்டி வைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டரை மில்லியா ஐந்து மில்லியா என்று சீசாவைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அம்மாக்களுக்குத் தெரியும் நான் எப்படி இருந்தேன் என்று.

இதுவரை சொன்னது அலுவலகக் கூத்து. இனிமேல்தான் ஒருத்தருடைய சோறு இதில் வந்து சேர்ந்தது.

மே மாதக் கடைசியில் ஜெயமேரி அக்கா வந்தார். பூம்புகார் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு ஊரில், கடைமடையில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் வைத்து விவசாயம் பார்ப்பவர். எங்கள் வீட்டுக்கு அரிசி அவரிடம்தான் வாங்குவோம். கையில் ஒரு டிவிடி.

"இதைப் போட்டுக் காட்டு பாப்பா அம்மா. இதுல என் வாய்க்கா இருக்கு," என்றார்.

உட்காரவைத்துக் கேட்டேன். அவருடைய நிலத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் பக்கத்து நிலக்காரர் தெட்சிணாமூர்த்தியின் வயலோரமாக வரும். நாலைந்து வருஷமாக அவர் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு மூடி, வயலோடு வயலாக்கிவிட்டார். அரசாங்கம் நில அளவை செய்த சமயத்தில் அந்த இடம் அவர் பட்டாவிலேயே சேர்ந்துபோயிருந்தது அவருக்கு வசதியாகிவிட்டது. அங்கே தண்ணீரே ஓடியதில்லை, எங்கள் அப்பா காலத்திலிருந்து அது மேடு என்கிறார். போன வருஷம் அக்காவுக்குக் குறுவை இல்லை. சம்பாவும் பாதி கருகிவிட்டது. இந்த வருஷமும் தண்ணீர் ஏறாவிட்டால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை. விற்றால் வாங்கப்போகிறவரும் தெட்சிணாமூர்த்திதான்.

"தாலுகாவுல, தண்ணி ஓடுனதுக்கு ஆதாரம் கொண்டாங்கன்னாங்க. தண்ணி ஓடுனா ரசீதா குடுத்துட்டுப் போவும்?" என்றார் அக்கா.

அவருக்குக் கல்யாணமாகி வந்த வருஷம் அந்த ஊரில் சினிமா படப்பிடிப்பு நடந்திருக்கிறது. ஒரு பாட்டை அந்த வாய்க்காலில் வைத்துத்தான் எடுத்தார்கள். படம் இங்கே நாலு நாள் ஓடியது. இணையத்திலும் எங்கும் இல்லை. வளைகுடா நாட்டுக் கடைகளில் மட்டும் டிவிடியாக விற்றிருக்கிறார்கள். மளிகைக் கடை தாவூது பாய் துபாயில் இருந்தபோது, நம்ம ஊரு வருதே என்று வாங்கிவைத்திருந்தார். அவர் வீட்டு பிளேயர் எப்போதோ பழுதாகி எடைக்குப் போய்விட்டது. நம் ஊர் டிவிடிகள் பெரும்பாலும் எந்த மண்டலமும் இல்லாமல்தான் வரும். இதன் அட்டையில் ஒரு உருண்டை, அதற்குள் 2 என்ற எண். ஊரில் மிச்சமிருந்த இரண்டு பிளேயர்களில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அக்கா என்னிடம் வந்திருந்தார். இரண்டும் தவறான மண்டலம் என்று சொல்லித் துப்பிவிட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களுடைய பிர்கா கிராமங்களுக்கு ஜமாபந்தி. அதாவது கிராமக் கணக்குகளை மேலதிகாரி வந்து நேரில் பார்த்து, மனுக்களையும் வாங்கித் தீர்த்துவைக்கும் நாள். ஆதாரத்தை அன்றைக்குக் காட்ட வேண்டும்.

அதற்கு அடுத்த நாள், புதன்கிழமை, எங்கள் தலைவர் சீர்காழிக்கு வந்து மூத்த குடிமக்களோடு உட்கார்ந்து பென்குவின் பார்க்கப்போகிறார்.

ஒரே டிரைவ். ஒரே ஒரு மாற்றம் மீதம். செவ்வாய்க்கிழமை இரண்டு போட்டால், புதன்கிழமை ஐந்து போட முடியாது. என்றைக்குமே முடியாது.

மேலாளரிடம் கேட்டேன். "மண்டலத்தை மாத்தலாமா சார், ஒரு விவசாயிக்காக?"

"மண்டலம் மாத்த சர்க்குலர் வந்தாத்தான் மாத்தணும். சர்க்குலர் வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப?"

வழிகாட்டியிடம் கேட்டேன். வேறு டிரைவ் கிடைக்குமா என்று அவரும் தஞ்சாவூர் முழுக்க விசாரித்தார். அந்த நாலு நாளில் கிடைக்கவில்லை. பூட்டைத் திறக்கும் நூலகமே சில டிரைவ்களில் மண்டலத்தையும் தாண்டிவிடும் என்றார். அன்று முழுவதும் முயன்றோம். எங்கள் டிரைவ் அசையவில்லை. கடைசியில், "நான் என்ன பண்ணட்டும் சார்?" என்றேன். "லினக்ஸ்ல என்ன பண்ணலாம்னு கேளுங்க, சொல்றேன். இது அது இல்லம்மா," என்றார்.

புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரும் நெருக்கடிகளில் பாதியை யாரிடமாவது கேட்டுத் தீர்த்துவிடலாம். மீதிப் பாதியில் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்கள் ஒதுங்குவதைத்தான் நமக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது புரிய நாலு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். என் சொந்த மடிக்கணினி, துணிப்பையில் டிரைவ், இடுப்பில் மகள். மாமியார் அன்றைக்கென்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். டிரைவை எடுத்துக்கொண்டேனே தவிர மாற்றுவதாக முடிவு செய்திருக்கவில்லை. வெளியே எடுத்துப் போவதற்கு அனுமதி வாங்கவில்லை என்பதும் பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இறங்கிவிடலாமா என்று இரண்டு நிறுத்தங்களில் நினைத்தேன்.

ஷாமியானா பந்தலில் கூட்டம். ஜெயமேரி அக்காவைக் கூப்பிட்டார்கள். எதிரே தெட்சிணாமூர்த்தி வெள்ளை வேட்டி சட்டையில், வழுக்கைத் தலையோடு வாட்டசாட்டமாக நின்றார். "சினிமாவுல வர்ற வாய்க்கா எல்லாம் செட்டு போடுறது சார். சுண்ணாம்புத் தண்ணிய ஊத்திப் பாலருவிம்பான்," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "படத்தைப் போடுங்கம்மா. பாத்துட்டுப் பேசுவோம்."

மேசை ஓரத்தில் மடிக்கணினியை வைத்து டிரைவைச் செருகினேன். திரையில் வந்தது. "மண்டலம் பொருந்தவில்லை. மாற்றவா? இதுவே கடைசி வாய்ப்பு. இதன்பின் மாற்ற இயலாது. ஆம் / இல்லை." இந்தமுறை கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். மகள் என் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெயமேரி அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, என்ன கேக்குது?" என்றார் அதிகாரி.

"மண்டலத்தை மாத்தவான்னு கேக்குது சார்."

"மாத்துங்களேன். நம்மளக் கேட்டுக்கிட்டா மண்டலம் பிரிக்கிறாங்க?"

ஆம் அழுத்தினேன். அவர் சொன்னது அனுமதியா வேடிக்கைப் பேச்சா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் பிறகு எனக்கு வந்த மெமோவுக்கு எழுதிய விளக்கத்தில், "வருவாய்த் துறை அதிகாரியின் வாய்மொழி அறிவுரையின் பேரில்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

பாட்டு வந்தது. கதாநாயகன் சிவப்புப் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்காலில் ஓடுகிறார். கதாநாயகி கரையில் குடையோடு ஓடுகிறார். மழை இல்லை, வெயிலும் இல்லை, குடை எதற்கு என்று ஒருவர் கேட்டார். பந்தலில் இருந்த அத்தனை மனுதாரர்களும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கிராம உதவியாளர் ஒருவர் பாட்டைக் கூடவே முணுமுணுத்தார். வாய்க்கால் தெளிவாகத் தெரிந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஓரத்தில் ஒரு மதகுக் கல், பின்னால் இரட்டைப் பனை. எண்ணிப் பார்த்தேன், பதினொரு விநாடி.

"வாய்க்கா இருக்கு," என்றார் அதிகாரி. "ஆனா இது இந்த ஊர் வாய்க்காதான்னு எப்படிம்மா சொல்றது? ரெட்டைப் பனை எல்லா ஊர்லயும் நிக்குது."

இருந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. டிரைவும் போய்விட்டது. நாளைக்குத் தலைவர் வருகிறார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் போடுங்க," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வாய்க்காலுக்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. ஆனாலும் போட்டேன்.

இந்தமுறை தெட்சிணாமூர்த்தியும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கதாநாயகன் ஓடி முடிக்கும் இடத்தில், சட்டகத்தின் ஓரம், இடுப்பளவு தண்ணீரில் ஒரு இளைஞன் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளித் தகடு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படம் பிடிப்பவர் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். மெலிந்த உடம்பு, அடர்த்தியான சுருட்டை முடி.

"நிறுத்து, நிறுத்து. அது நான்தான்," என்றார் தெட்சிணாமூர்த்தி.

நிறுத்தினேன்.

"அன்னிக்கு முழுக்கத் தகடு புடிச்சேன் சார். நான் இதுல வர்றேன்னே எனக்குத் தெரியாது. முடியைப் பாருங்க," என்று பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினார். முகமெல்லாம் அப்படி ஒரு மலர்ச்சி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்க நிக்கிறீங்க இதுல?"

"நம்ம வயலோரந்தான் சார். எந்த ஊருக்கும் போவல நான்."

"தண்ணி இடுப்பளவு இருக்குதே?"

தெட்சிணாமூர்த்தி திரையில் நின்ற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரே ஓடியதில்லை என்று சொன்னதை விழுங்குவதா, அந்த முடியை விட்டுக்கொடுப்பதா என்று அவர் தவித்ததை நான் பார்த்தேன். முடியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அப்பல்லாம் ஓடுச்சு சார்," என்றார்.

அந்த இடத்தை அளந்து, வாய்க்காலைப் பழையபடி எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு எழுதினார்கள். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரி. அதையும் வாசித்தேன்.

மறுநாள் பென்குவின் வரவில்லை. தலைவர் முன்னிலையில் மேலாளர் மூன்று டிவிடிகளைத் துடைத்தார். மூத்த குடிமக்கள் தேநீர் குடித்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை நிம்மதியாகவே கலைந்தார்கள். எனக்கு மெமோ வந்தது: "தலைமை அலுவலகத்தின் அனுமதியின்றி மண்டலத்தை மாற்றியது ஏன்?" விளக்கம் எழுதிக் கொடுத்தேன். டிரைவை உபயோகமற்றது என்று பதிவேட்டில் எழுதிக் கழித்தார்கள். "நீயே வச்சுக்கம்மா, உன்னாலதானே அது இப்படியாச்சு," என்று மேலாளர் அதை என்னிடமே கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டேன். மகளுக்காக விட்டேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். மெமோவுக்குப் பயந்து விட்டேன் என்று அலுவலகத்தில் நினைக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

நேற்று முன்தினம் மதியம் தெட்சிணாமூர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், கையில் ஒரு பென்டிரைவ். மகளுக்குப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பாட்டை மட்டும் இதுல ஏத்திக் குடும்மா. என் வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்க. பேரன், அது தாத்தா இல்லன்னு சொல்றான். நீ ஏத்திக் குடுத்தீன்னா நான் அப்பீல் போவல. வக்கீல் பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டார், அதை நிறுத்திடுறேன். ஜெயமேரி தண்ணி பாய்ச்சிக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதைத்தானே நான் எப்போதும் சொல்வது.

பூட்டைத் திறந்து பார்ப்பதற்கே அனுமதி கேட்டவள் நான். படி எடுத்துக் கொடுப்பது அதற்கும் ஒரு படி மேல். தாவூது பாயிடம் கேட்டேன். "தட்டு எனது. பாட்டு எனதா? என்னை ஏம்மா கேக்குறே?" என்றார். ஜெயமேரி அக்கா முதலில், "குடுத்துத் தொலை, அவன் மூஞ்சிய அவனே பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும்," என்றார். மறுநாள் காலையில் போன் பண்ணி, "வேணாம், வாங்கிக்கிட்டு அப்புறமும் அப்பீல் போனான்னா நாம என்ன பண்றது?" என்றார். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, நாற்றங்கால் தயாராகிவிட்டது, நீ எப்படிச் செய்தாலும் சரி என்றார்.

அப்பீல் போனால் அளக்க வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். தண்ணீர் கீழணையைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். முப்பது நாளில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பாட்டை ஏற்றுவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஏற்றிக் கொடுத்தால் சட்டத்தின் முன் நான் யார், கொடுக்காவிட்டால் அக்காவின் முன் நான் யார் என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பென்டிரைவ் சாப்பாட்டு மேசையில், மகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

உங்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், வயல் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், இரண்டும் தெரிந்தவர்களும் இருக்கலாம். அனுபவம் சொல்ல வந்தவள் உங்களிடம் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். அந்தப் பதினொரு விநாடியைக் கொடுக்கலாமா, கூடாதா? அந்த ஒன்பது நாளுக்குள் எழுதுங்கள்.